தூரம் சொன்னால் நேரம் தெரிந்துவிடுமா? நீலகிரியிலிருந்து ஒரு விமானக் கணக்கு

நீலகிரியில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பதில்லை. "கீழ இறங்க எவ்வளவு நேரமாகும்?" என்பார்கள். கீழே என்றால் மேட்டுப்பாளையம். அதற்கு அப்பால் இருக்கும் கோவை, சென்னை, அமெரிக்கா எல்லாமே எங்களுக்குக் கீழேதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ. சமவெளிக்காரர் அரை மணி நேரம் என்று மனக்கணக்குப் போடுவார். வளைவுக்கு வளைவு பஸ்ஸுக்கு ஒதுங்கி, மேகம் இறங்கியிருந்தால் ஹெட்லைட் போட்டு ஊர்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

குன்னூரில் பத்துப் பன்னிரண்டு வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். சாலை விஷயத்தில் இவ்வளவு விவரமாக இருக்கும் இதே ஆட்கள், விமானம் என்றதும் செல்போனில் வரும் இரண்டு எண்களை அப்படியே நம்பிவிடுகிறார்கள். கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஓர் அம்மா, மகளின் பிரசவத்துக்காக சான் பிரான்சிஸ்கோ போக வேண்டியிருந்தது. மகன் கையில் இருந்த போன் 'பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ, 13,990 கி.மீ., 17 மணி 53 நிமிடம்' என்றது. நான் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டிலோ போக 16 மணி நேரம், வர 17 மணி நேரத்துக்கு மேல். அந்த அம்மா தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, போற வழியும் வர்ற வழியும் ஒண்ணுதானே? வரும்போது மட்டும் என்ன ஏத்தமா?"

'ஏத்தம்' என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் அதைவிடச் சரியான சொல் எனக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை.

முதலில் அந்த 13,990 எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கேத்தி முட்டைக்கோஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கெட்டியான கோஸ். அதன் ஒரு பக்கத்தில் நடுவயிற்றுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி வையுங்கள், அது பெங்களூரு. எதிர்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் மேலே இன்னொரு புள்ளி. அது சான் பிரான்சிஸ்கோ. இரண்டையும் ஒரு நூலால் இணைத்து இறுக்கி இழுத்தால், நூல் வயிற்றைச் சுற்றிப் போகாது. வழுக்கி உச்சியைப் பார்த்து ஏறிவிடும். உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி அதுதான். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். என் கடைச் சுவரிலும் அப்படி ஒரு வரைபடம் தொங்குகிறது. அதில் கிரீன்லாந்து ஏறத்தாழ ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும்; நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு பெரியது. துருவத்தை நெருங்க நெருங்க அந்த வரைபடம் எல்லாவற்றையும் இழுத்து நீட்டிவிடுகிறது. அதில் தூரம் பார்ப்பவன் ஏமாறுவான்.

நூல் காட்டும் வழியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெங்களூருவில் கிளம்பும்போது நேர்வடக்கிலிருந்து கிழக்கே 20 டிகிரி மட்டும் சாய்ந்திருக்கும். அப்படியே போனால் நடு நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா. 71 டிகிரி வடக்கு அட்சரேகையில் ஆர்க்டிக் கடலை எட்டிப் பார்த்துவிட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்று படித்தவர்களுக்கு இது கொஞ்சம் உதைக்கும்.

வட துருவம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க ஊட்டியிலேயே ஓர் இடம் உண்டு. முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை அங்கே அமைத்ததற்குக் காரணம் அந்த மலைச்சரிவு வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்திருப்பது. ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 டிகிரி சொச்சம்தான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு சுமார் 111 கி.மீ. என்று வைத்தால், அங்கிருந்து வட துருவம் 8,700 கி.மீ. சொச்சம். இந்த வாய்ப்பாடு ஒன்று தெரிந்தால் போதும், பாதி விமானக் கணக்கைக் கையாலேயே போட்டுவிடலாம். பெங்களூருவிலிருந்து துருவம் 8,540. துருவத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ 5,840. கூட்டினால் 14,380. அதாவது துருவத்தையே மிதித்துக்கொண்டு போனாலும் குறுகிய வழியைவிட 400 கி.மீ.க்குள்தான் கூடுதல். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த வழித்தடத்தில் நேரடி விமானம் விட்டபோது, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த முதல் விமானம் துருவப் பாதையில் பெங்களூரு வந்ததன் பின்னணி இதுதான். கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் விமானி அறை முழுக்கப் பெண்கள்.

இனி அந்த 17 மணி 53 நிமிடம். அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இப்படிக் காட்டும் கணக்குகள் பெரும்பாலும் தூரத்தை மணிக்கு 805 கி.மீ. என்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துவிடுகின்றன. 13,990-ஐ 805ஆல் வகுத்தால் 17 மணி 23 நிமிடம். கூட ஒரு 30. இந்தக் கணக்குக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். இடையில் இமயமலை இருப்பது தெரியாது, காற்று தெரியாது, எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் தகராறு என்பதும் தெரியாது. கோத்தகிரி – மேட்டுப்பாளையத்தை 33ஐ 60ஆல் வகுத்துச் சொல்வது போலத்தான்.

அலகுக் குழப்பம் வேறு. சாதா மைலில் இந்தத் தூரம் சுமார் 8,690. விமானிகள் பேசும் கடல் மைலில் 7,550. சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் ஓர் எண்ணையும் போனில் வேறொன்றையும் பார்த்துவிட்டு, வழி மாற்றிக் கொண்டுபோகிறார்கள் என்று பதறியவர்கள் உண்டு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., அட்சரேகையில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு. அவ்வளவுதான்.

அம்மா கேட்ட ஏற்றத்துக்கு வருகிறேன். பக்கத்தில் நின்ற மகன் அப்போதே ஒரு விளக்கம் சொன்னான்: பூமி சுழல்கிறது, அதனால் ஒரு பக்கம் ஊர் நம்மை நோக்கி வரும், மறுபக்கம் விலகி ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. பூமியோடு சேர்ந்து அதைச் சுற்றியுள்ள காற்றும் சுழல்கிறது, அந்தக் காற்றில் மிதக்கும் விமானமும் சுழல்கிறது. ஓடும் மலை ரயில் பெட்டிக்குள் நடப்பவருக்கு முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒரே நேரம்தான்.

உண்மையான காரணம், 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடு, துருவப் பக்கம் குளிர். இந்த வித்தியாசத்தால் வடக்கே நகரப் பார்க்கும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. ஆக, பையன் சொன்ன சுழற்சிக்கும் பங்கு உண்டு, அவன் நினைத்த வழியில் இல்லை. குளிர்காலத்தில் இந்தக் காற்றுக்கு வலு அதிகம். மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போவது சாதாரணம். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கிவிட்டது. ஒரு கட்டத்தில் தரையை வைத்துப் பார்த்தால் மணிக்கு 1,300 கி.மீ. வேகம். ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. சுற்றியிருந்த காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

காற்று இல்லாமல் மணிக்கு 900 கி.மீ. போகும் விமானம் 14,000 கி.மீ. கடக்க 15 மணி 33 நிமிடம் ஆகும். வழி முழுக்க முதுகில் 100 கி.மீ. காற்று தள்ளினால் வேகம் 1,000. பதினான்கே மணி நேரம். அதே காற்று முகத்தில் அடித்தால் வேகம் 800. பதினேழரை மணி நேரம். போக வர மூன்றரை மணி வித்தியாசம். இன்னொன்றையும் கவனியுங்கள்: போகும்போது மிச்சமானது ஒன்றரை மணி, வரும்போது நட்டமானது ஏறத்தாழ இரண்டு மணி. போக வரச் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் ஆகாது, எதிர்க்காற்றில் நீங்கள் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால்.

இதை எங்கள் மலை ரயில் நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லிக் காட்டுகிறது. மேட்டுப்பாளையம் – ஊட்டி 46 கி.மீ. காலை 7:10க்குக் கிளம்பினால் மேலே வந்துசேரக் கிட்டத்தட்ட மதியம் 12. பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஏறுகிறது. அதே தண்டவாளத்தில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கத் தொடங்கினால் மூன்றரை மணி நேரம் சொச்சம். தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

காற்றுக்காகச் சுற்றிப் போவதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் பக்கமாக விட்டது; சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைப் பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆகிவிட்டது, 1,400 கி.மீ. கூடுதல். நேரமோ பதினான்கரை மணியாகக் குறைந்தது. வழி முழுக்கக் காற்று முதுகில். கிலோமீட்டரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பவர் இதைச் சுற்று வழி என்று ஒதுக்கியிருப்பார்.

காற்று ஒருபுறம் இருக்கட்டும். நூல் காட்டும் வழியில் திபெத் இருக்கிறது என்றேன் அல்லவா? அதன் மேல் விமானங்கள் பெரும்பாலும் பறப்பதில்லை. இமயமலையில் மோதிவிடும் என்பதல்ல காரணம். விமானம் எவரெஸ்ட்டைவிட உயரத்தில்தான் பறக்கிறது. காரணம் விமானத்துக்கு உள்ளே இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியாறு தாண்டியதும் உப்பத் தொடங்கி, குன்னூர் வருவதற்குள் தலையணையாகிவிடும். வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது, பாக்கெட்டுக்குள் இருப்பது கீழ்நாட்டுக் காற்று. பறக்கும் விமானத்துக்குள்ளும் பாக்கெட் அதே அளவுக்குத்தான் உப்பும். வெளியே 11 கி.மீ. உயரம் என்றாலும், உள்ளே காற்றை அடைத்து 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு உரிய அழுத்தத்தில் வைக்கிறார்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. போயிங் 787இல் அதிகபட்சம் 1,830 மீட்டர். ஆக, சென்னைக்காரருக்கு விமானத்தில் வரும் தலைபாரம் எங்களுக்கு வீட்டுக் காற்று. விமான டீ சப்பென்று இருக்கிறது என்று குறை சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், மேலேயும் அப்படித்தான். தேயிலை தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு நாங்கள் அதில்தான் டீ போட்டுக் குடிக்கிறோம். நன்றாகவே இருக்கிறது, அவர்கள் போடும் தூளில்தான் கோளாறு என்பது என் கட்சி.

அந்தக் குன்னூர்க் காற்று திடீரென்று வெளியேறிவிட்டால் என்ன ஆகும்? மேலிருந்து ஆக்சிஜன் மாஸ்க் விழும். பெரும்பாலான விமானங்களில் அது கால் மணி நேரம், இருபது நிமிடத்துக்குத்தான் வரும். அதற்குள் விமானி 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். கடல் மேல் என்றால் இறங்கலாம். திபெத்தில் தரையே சராசரி 4,500 மீட்டர், எங்கே இறங்குவது? அதனால் சுற்றிப் போகிறார்கள். இரண்டு என்ஜின் விமானங்களுக்கு இன்னொரு விதி: ஒன்று நின்றுபோனால் மிச்சமிருக்கும் ஒன்றோடு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தைத் தொட்டுவிடும்படி பாதை இருக்க வேண்டும். 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் மகதானில் இறங்கியதே, அப்படிப்பட்ட இடங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டுதான் பாதை போடுகிறார்கள்.

அப்புறம் மூடிய வானங்கள். பாகிஸ்தான் தன் வான்வெளியை 2019 பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று. 2022 முதல் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் இல்லை; இந்திய நிறுவனங்களுக்கு உண்டு. ஒரே இரண்டு ஊர், ஒரே நாள், யாருடைய விமானம் என்பதைப் பொறுத்துப் பாதை வேறு.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர் டிரைவர்கள் ஆச்சரியப்படுவதே இல்லை. "பந்திப்பூர் கேட் மாதிரி" என்கிறார்கள். ஊட்டியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 225 கி.மீ.; மைசூரு வழியாகச் சாலையில் 300க்கு மேல். அந்தச் சாலை முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்குள் போகிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டு விலங்குகளுக்காக அடைத்துவிடுவார்கள். திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு. விடியற்காலை விமானத்துக்கு ராத்திரி கிளம்புபவர் மேட்டுப்பாளையம் இறங்கி, சேலம் சுற்றித்தான் போக வேண்டும். 400 கி.மீ.க்கு மேல் ஆகிவிடும். காட்டுக்குள் குறுக்கே போகும் வழி கண்முன் கிடக்கும், கேட் மட்டும் திறக்காது.

இவ்வளவு தொல்லைக்குக் கோவையிலிருந்தே நேராகப் போகக் கூடாதா என்பார்கள். இந்த வழியில் முதலில் பறந்த போயிங் 777 ரகத்தின் தொட்டி 1,81,000 லிட்டர் பிடிக்கும். எடையில் சுமார் 145 டன். ஆளும் சாமானும் இல்லாத வெறும் விமானத்தின் எடையும் ஏறத்தாழ அதேதான். அதைத் தூக்கப் பெங்களூருவில் 4,000 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. கோவையில் இருப்பது 2,990. கோவையிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கிருந்து மாறலாம்: 3,160 கி.மீ., அப்புறம் 13,590. கூட்டினால் நேரடி வழியைவிடக் கிட்டத்தட்ட 2,800 கி.மீ. அதிகம். ஆனாலும் குன்னூர்க்காரருக்கு இதை நான் சிபாரிசு செய்திருக்கிறேன். கோவை விமான நிலையம் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும், எந்தக் கேட்டும் இல்லை. இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்; தனித்தனியாக எடுத்தால் பெட்டியைச் சிங்கப்பூரில் வாங்கி மறுபடி போட வேண்டிவரும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரமும் பறக்கும் நேரம் அல்ல. விமானம் கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி, அந்தப் பக்கம் கேட்டில் நிற்பது வரைக்கும் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்தி, தாமதத்துக்கு என்று கொஞ்சம் கைவசமும் வைத்துக்கொள்வார்கள். அரை மணி முன்னதாக இறங்கிவிட்டோம் என்று கைதட்டுபவர்களுக்கு இதைச் சொல்லி நான் கெடுப்பதில்லை.

கடைசியாக நாள்கணக்கு. இதில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை பன்னிரண்டரை. பெங்களூருவில் பிற்பகல் 2:30க்கு ஏறி 16 மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் மாலை 5 மணி. இரண்டரை மணி நேரத்தில் அமெரிக்கா வந்துவிட்டதாகக் கடிகாரம் சொல்லும். திரும்பும்போது அந்தக் கடன் வட்டியோடு வசூலாகும். சனிக்கிழமை இரவு 8:30க்கு ஏறினால், 17 மணி நேரம் சொச்சம் பறந்து, திங்கட்கிழமை அதிகாலையில்தான் பெங்களூரு. அந்த அம்மா திரும்பிய நாளில் நான் பதினேழைக் கூட்டினேன், பதிமூன்றரையை மறந்தேன். ஞாயிறு பிற்பகலுக்கே கார் அனுப்பிவிட்டேன். டிரைவர் விடிய விடிய விமான நிலையத்தில் காரிலேயே கிடந்தார். அந்த நாள் வாடகை என் கையிலிருந்து போனது.

திங்கட்கிழமை நாலு மணி வாக்கில் விமானம் இறங்கியது. பெட்டி வந்து, வெளியே வந்து, மைசூருவில் டிபன் முடித்து, கேட் திறந்திருந்த பந்திப்பூரில் ரோட்டோரம் யானைக்கு நின்று, ஊட்டியில் தக்காளி வேனுக்குப் பின்னால் மாட்டி, ஹட்டியில் அம்மா காரை விட்டு இறங்கும்போது மணி இரண்டேகால். பத்து மணி நேரம். அதே பத்து மணி நேரத்தில் வட துருவத்திலிருந்து பெங்களூரு வந்துவிடலாம் என்று மறுநாள் போனில் சொன்னேன். "அங்க யானை இல்லையே தம்பி" என்றார்.